கேள்வி அட்டைகளை என்ன செய்வதாக உத்தேசம்? சிறுவர் இதழை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறக்கட்டளை உறுப்பினர்களுக்கு,

மே இதழோடு அச்சு நிற்கிறது, ஜூனிலிருந்து கைபேசிச் செயலி மட்டும்தான் என்ற முடிவை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அச்சகத்தில் பண்டல் கட்டும் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. “மேடம், இதோட சரியாமே? பழைய பிளேட்டெல்லாம் எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க” என்றார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. ‘காலத்துக்கேற்ற மாற்றம்’ என்று தலைப்பு, கீழே ஒரு ராக்கெட் படம்.

நான் உங்கள் ஊழியர் இல்லை. அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் தபால் அட்டையில் எழுதி அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்கத்தை 2002 முதல் இதழில் எழுதி வருகிறேன். வடசென்னைப் பள்ளிகளுக்கு மாதாமாதம் இதழைத் தூக்கிக்கொண்டு போகும் முகவர்களில் ஒருத்தி. சம்பளம் வாங்கியதில்லை, ஆகவே என்னைக் கூட்டத்துக்கு அழைக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். இதழின் பெயரைப் போடவில்லை. உங்களுக்குத் தெரியும், படித்த பிள்ளைகளுக்கும் தெரியும்.

முதலில் கணக்கு. நீங்கள் பேசியது அதை மட்டும்தான்.

சந்தா குறைந்துவிட்டது என்கிறீர்கள். குறைந்தது உண்மைதான். எப்படிக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பெல்லாம் சந்தா முடிகிற மாதத்து இதழில் ஒரு மஞ்சள் அட்டை செருகி வரும். பிள்ளை அதை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டும். அப்பா இன்று நாளை என்று இழுத்து, கடைசியில் பள்ளி வாசலில் என் கையில் காசைத் திணித்துவிட்டுப் போவார். நான் பெயர், வகுப்பு, கதவு எண், பின்கோடு எல்லாம் நோட்டில் எழுதி மொத்தமாகக் கொண்டுவந்து கட்டுவேன். மூன்று ஆண்டுக்கு முன் சிக்கனம் என்று சொல்லி அந்த மஞ்சள் அட்டையை நிறுத்தினீர்கள். பதிலுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. எங்கள் பக்கத்தில் மின்னஞ்சல் வைத்திருக்கும் அப்பாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த ஆண்டு முகவர் கமிஷனை எடுத்தீர்கள். அதற்கடுத்து, 50 பிரதிக்குக் குறைந்தால் பண்டல் கிடையாது என்றீர்கள். 35 பிள்ளைகள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளி அந்த ஒரே விதியில் கழன்றது. குழாயை நாமே அடைத்துவிட்டு வரத்து குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதியிருக்கிறோம். ‘நாமே’ என்கிறேன், ஏனென்றால் அப்போது நான் சத்தம் போடவில்லை. அது என் தப்பு.

தாள் விலை ஏறியது எனக்கும் தெரியும். அச்சிட்ட புத்தகத்துக்கும் இதழுக்கும் ஜிஎஸ்டி இல்லை, ஆனால் வெறும் தாளுக்கு உண்டு. விற்கும்போது வரி இல்லாததால் தாளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சிறுவர் இதழுக்கு விளம்பரமும் வராது. வந்தாலும் நொறுக்குத்தீனி விளம்பரம்தான் வரும், அதை வேண்டாம் என்று சொன்ன பெருமை இந்த அறக்கட்டளைக்கு உண்டு. இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கஷ்டம் புதிதா? நான் ரேப்பர் ஒட்டப் பழகிய காலத்தில், தபாலில் பதிவு பெற்ற பத்திரிகை 50 கிராமுக்குள் இருந்தால் ஒரு பிரதிக்கு 25 காசு, தாண்டினால் 50 காசு. 32 பக்கமும் மேலட்டையும் சேர்ந்து 49 கிராம் காட்டும்படி தாளைத் தேர்ந்தெடுத்திருந்தார் அப்போதைய இதழாசிரியர். கோடையில் 49 காட்டும். ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடித்து 51 காட்டும். தபால் நிலையத்தில் தராசைப் பார்த்ததும் அவர் பண்டலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு நாள் ஃபேனுக்கு அடியில் பரப்பிக் காயவைத்து மறுநாள் கொண்டுபோனார். ஒரு பிரதிக்குக் கால் ரூபாய்க்காக. அப்படி இழுத்து வந்த வண்டி இது.

இனி செயலிக்கு வருகிறேன். இறக்கிப் பார்த்தேன், ஒரு வாரம் பொறுமையாகவே பார்த்தேன். நன்றாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: பழைய இதழ்களின் படக்கதைகளை வண்ணத்தில் ஏற்றியிருக்கிறீர்கள், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது, பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறது. அந்தக் குரல் ஒன்றுக்காகவே செயலி இருக்கட்டும் என்பேன்.

ஆனால் தமிழ்? ‘மின்சுற்றில் நடப்பு பாய்கிறது’ என்று எழுதியிருக்கிறது. கொஞ்சம் யோசித்த பிறகுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் கரண்ட் என்ற சொல்லுக்கு ‘நடப்பு’ என்றும் ஒரு பொருள் உண்டு, நடப்புக் கணக்கு என்கிறோமே, அது. இயந்திரம் மொழிபெயர்த்திருக்கிறது, மனிதர் யாரும் படித்துப் பார்க்கவில்லை. தாவரச் செல் பாடத்தில் ‘ஆலை செல்’ என்று வருகிறது, ‘பிளான்ட்’ என்றால் தொழிற்சாலையும்தானே. இயற்பியலில், விசை ஒரு பொருளை நகர்த்தினால் வேலை செய்யப்படுகிறது என்பதற்குப் பதில் ‘வேலை முடிந்தது’ என்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்காது. அச்சில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, புரியாததற்குத் தன் மண்டைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன், அறிவியல் வராது என்று ஒதுங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படி ஏதோ ஒரு வாக்கியத்தில் தடுக்கி விழுந்தவர்கள்.

மொழிபெயர்ப்பைத் திருத்திவிடலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் செயலி பிள்ளையைக் கேள்வி கேட்கிறது. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்கிறது, சரியாகத் தொட்டால் காசு மாதிரி வட்டமாக ஏதோ விழுகிறது. பிள்ளை நம்மைக் கேள்வி கேட்க அதில் இடமே இல்லை. எல்லா மூலையிலும் தேடிவிட்டேன். ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் எழுதினால் பணம் கட்டுவதில் சிக்கலா என்று கேட்டு ஒரு பதில் வருகிறது.

இதழில் எல்லாம் தலைகீழ். கேட்டது பிள்ளை, பதில் சொல்ல வேண்டிய கடன் நமக்கு.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து, அடுத்த மாதம் ஓர் அட்டை வந்தது. 50 காசு தபால் அட்டை, பென்சில் எழுத்து, வியாசர்பாடியில் ஏழாவது படிக்கும் பையன். “மழ பெஞ்சா பில்லர் பாக்ஸ் பக்கம் போவாதன்னு ஆயா சொல்லுது. தண்ணில கரண்ட் எப்டி நீந்தி வரும்? அதுக்குக் கையி காலு இருக்கா?” சென்னைத் தெருவில் வளர்ந்தவர்களுக்குப் பில்லர் பாக்ஸ் என்றால் விளக்கத் தேவையில்லை. நடைபாதை ஓரத்தில் கதவு பாதி திறந்து நிற்குமே, நிலத்தடிக் கேபிள்கள் வந்து சேரும் மின்பெட்டி, அதுதான்.

தண்ணீர் ஒரு மின்கடத்தி என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். பல புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. அது சரியான பதிலே இல்லை. காய்ச்சி வடித்த சுத்தமான நீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகமிகக் குறைவு. தெருவில் முழங்கால் அளவு நிற்கிறதே, அந்தத் தண்ணீரில் உப்பு, சோப்பு, சாக்கடை எல்லாம் கரைந்திருக்கின்றன. கரைந்த உப்பு அயனிகளாக, அதாவது மின்னேற்றம் உள்ள நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கிறது. மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு போவது அந்த அயனிகள். கையும் காலும் அவைதான். இப்படி எழுதினேன். முதல் இரண்டு பத்தியில் ‘கரண்ட்’ என்றே எழுதி, மூன்றாவதில்தான் ‘மின்னோட்டம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தேன். மெய்ப்பு பார்த்த இளைஞர் ஒருவர் எல்லா ‘கரண்ட்’டையும் வெட்டி ‘மின்னோட்டம்’ ஆக்கிவிட்டார். ஆசிரியர் அதைத் திரும்ப மாற்றி, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: “பையன் அந்த வாசல் வழியாத்தான் வந்திருக்கான். அதை ஏன் சாத்துற?”

கதை அதோடு முடியவில்லை. பதிலின் கீழே ஒரு சின்னச் சோதனை கொடுத்திருந்தேன். 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, இரண்டு பென்சில் ஊக்கு, ஒரு டம்ளர். வீட்டுக் கரண்டைத் தொடவே கூடாது என்று கட்டம் போட்டு எச்சரிக்கை. மார்ச்சில் அதே பையனிடமிருந்து இரண்டாவது அட்டை. “மிஸ், உப்பு போடாமயே எரியுது. மெட்ரோ தண்ணில மங்கலா எரியுது. எங்க தெரு போர் தண்ணில பளிச்சுனு எரியுது. ஏன்?”

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரோடு ஒப்பிட்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பை ஒரு எல்இடியை வைத்து அளந்திருக்கிறான். வடசென்னைக் கரையோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே ஏறுவதை அடுத்த இதழில் இரண்டு பக்கத்துக்கு எழுதினோம். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பானது முதல் சொன்னோம். அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்களுக்கு வந்தது வெறும் தண்ணீர்க் கணக்குத்தான். கொடுங்கையூரில் எப்படி எரிகிறது, புழலில் எப்படி எரிகிறது, பள்ளிக்கூடத்துத் தொட்டியில் எப்படி எரிகிறது என்று.

அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். விஞ்ஞானி ஆகவில்லை. ஆண்டுவிழா மேடையில் நாம் மயில்சாமி அண்ணாதுரையின் பெயரைச் சொல்லிக் கைதட்டுவோம், தமிழ்வழியில் படித்து சந்திரயான் திட்ட இயக்குநரானவர் என்று. நல்லதுதான், தட்ட வேண்டிய கைதட்டல்தான். ஆனால் இந்தப் பையன் ஏசி மெக்கானிக். எர்த் சரியில்லாத வீட்டில் மெஷினைத் தொடமாட்டேன் என்று வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறவன். எனக்கு அது போதும்.

இன்னொன்று, சுருக்கமாக. சென்னையில் ஆண்டுக்கு இரு நாள் நடுப்பகலில் நிழல் காலடிக்குள் போய்விடும், ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு முறை. ஆகஸ்டில் பள்ளி இருக்கும் என்பதால் அதை வைத்து ஆண்டுதோறும் ஒரு பக்கம் போடுவோம். ஒரு பெண் எழுதினாள்: “12 மணிக்குப் பாத்தேன் மிஸ், நிழல் இருந்துச்சு. நீங்க பொய் சொல்றீங்க.” அவள் சொன்னது சரி. நம் கடிகாரம் நாடு முழுவதற்கும் பொதுவான 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு ஓடுகிறது. சென்னை அதற்கு மேற்கே 80.27இல் இருக்கிறது, அதற்கே ஏறக்குறைய 9 நிமிடம் போய்விடுகிறது. பூமியின் ஓட்டத்தில் உள்ள ஏற்ற இறக்கத்துக்கும் அச்சின் சாய்வுக்கும் சேர்த்து ஆகஸ்டில் இன்னும் நான்கு நிமிடம். 12.13 வாக்கில் பார் என்று பதில் போட்டோம், அடுத்த ஆண்டு மறக்காமல் நேரத்தையும் அச்சிட்டோம். உங்கள் செயலியில் இதே தலைப்பில் ஒரு காணொளி இருக்கிறது. அதில் வரும் குழந்தை நிற்பது டெல்லி இந்தியா கேட் முன்னால். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது, சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது அந்தக் கோடு வரைதான். அங்கே நிழலில்லா நாள் வரவே வராது.

தாய்மொழி தாய்மொழி என்று கூட்டத்தில் பேசுகிறோமே, எனக்கு அதில் பெரிய உணர்ச்சிவசம் கிடையாது. பெரம்பூரில் என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருந்தார்கள், உருது பேசும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் தெருவில் கோலி உருட்டும்போது “நீ அழுகுணி ஆட்டம் ஆடுற” என்று எல்லாரும் கத்தியது தமிழில். சண்டை போடத் தெரிந்த மொழியில்தான் பிள்ளைக்குக் கேள்வி கேட்கவும் வரும். ஆங்கிலவழிப் பிள்ளைகளின் அட்டைகளும் நிறைய வந்திருக்கின்றன. பாடத்தில் ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டதைத் தமிழில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிற அட்டைகள் அவை. ‘ஆஸ்மாசிஸ்னா எங்கம்மா ஊறவைக்கிற உலர்திராட்சை உப்புறதுதானா மிஸ்?’ என்று ஒருத்தி. ஆமாம், அதுதான் சவ்வூடு பரவல்.

கைபேசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, ஒன்று. காலையில் அப்பாவோடு ஆட்டோவில் கிளம்பிப் போய் ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வருகிறது. 2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அந்த ஒரு போனுக்காக மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றதை வாசல் வாசலாகப் பார்த்தவர்கள் நாங்கள். இதழ் அப்படி இல்லை. 29சி பேருந்தில் மயிலாப்பூரிலிருந்து நான் சுமந்து வந்த பிரதி ஒன்று, பத்துக் கை மாறி, முனை மடங்கி, குறுக்கெழுத்தில் மூன்று பேர் மூன்று நிற மையில் எழுதி அடித்து, கடைசியில் நோட்டுக்கு அட்டையாகும். ஒரு பிரதி பஜ்ஜிக் கடைக்கும் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய்த் தாளையும் ஒருவர் நின்று படித்துவிட்டுத்தான் போட்டார்.

அரசே சிறுவர் இதழ் கொடுக்கிறது, அப்புறம் நாம் எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். 2022இல் பள்ளிக் கல்வித்துறை ஊஞ்சலையும் தேன்சிட்டையும் தொடங்கியபோது முதலில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. வாங்கிப் பார்த்தேன், பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் போடுகிறார்கள். ஆனால் அவை அரசுப் பள்ளிகளுக்கானவை. உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மெட்ரிக் பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படிக்கிற பிள்ளை? ஒரு தெருவில் ஒரு கடை திறந்தது என்பதற்காக இன்னொரு கடையை மூடுவது வியாபாரத்தில்கூட வழக்கமில்லை. சிறுவர் அறிவியல் இதழான துளிர் 1987இல் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் தன்னார்வலர்களை வைத்தே அதை நடத்தி வந்திருக்கின்றன. அவர்களிடம் போய், எப்படி நடத்துகிறீர்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டீர்களா?

இந்த ஊரின் பழைய கதையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1947 ஜூலையில், விடுதலைக்கு ஒரு மாதம் முன்னால், அம்புலிமாமா வெளிவந்தது இந்தச் சென்னையிலிருந்துதான். வங்கி வேலையும் பார்த்துக்கொண்டு, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார் அழ. வள்ளியப்பா. பெரியசாமித் தூரன் பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு, 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி கொண்டுவந்தார். அன்றைக்கும் தாள் விலை இருந்தது. அம்புலிமாமா, கோகுலம், சுட்டி விகடன் என்று ஒவ்வொன்றாகக் கடைத் தொங்கலிலிருந்து காணாமல் போனதைப் பார்த்தோம். அவை வணிக நிறுவனங்களின் இதழ்கள், இலாப நட்டம் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீங்கள் அறக்கட்டளை. உங்கள் பத்திரத்தின் முதல் நோக்கமாக எழுதியிருப்பது என்ன என்று எடுத்துப் படியுங்கள். நகல் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் இதழ் அச்சில் வர வேண்டும். 32 பக்கத்துக்கு வழியில்லையென்றால் 16 பக்கம் போடுங்கள், ஒரே பாரம்தான், ஒரு பெரிய அச்சுத் தாளில் அடங்கிவிடும். வண்ண அட்டை வேண்டாம், ஒரு நிறம் போதும். மாதம் ஒன்று முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முடியும். தபால் சலுகை வேண்டுமென்றால் 31 நாள் இடைவெளியைத் தாண்டாமல் வெளிவர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், அதைக் கைவிட்டால் அஞ்சல் செலவே நம்மைத் தின்றுவிடும். மஞ்சள் அட்டையைத் திரும்பச் செருகுங்கள். 50 பிரதி விதியை நீக்கி, பத்துப் பிள்ளை கேட்டாலும் பண்டல் கொடுங்கள். கமிஷன் எனக்கு வேண்டாம், என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கும் வேண்டியிருக்காது. ஆனால் பேருந்து ஏறிப் போகிற இளம் முகவர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

செயலியையும் நடத்துங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அதில் ஏறும் ஒவ்வொரு தமிழ் வாக்கியத்தையும் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏற்றுங்கள். அதற்குச் சம்பளமில்லாமல் நாங்கள் ஏழு பேர் தயாராக இருக்கிறோம், பெயர்ப்பட்டியலைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பிள்ளை கேள்வி கேட்க ஓர் இடம் வையுங்கள், எழுதத் தெரியாத சிறு பிள்ளைக்குக் குரலில் பேசிப் பதிகிற வசதியோடு. அந்தக் காசு விழும் விளையாட்டை எடுத்துவிடுங்கள்.

மூன்று ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மீதிப் பணத்துக்குச் செயலியில் கணக்குத் திறந்து கொடுத்திருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அவர்கள் கட்டியது இதழுக்கு. இதழைக் கொடுங்கள், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் கையில் பணத்தை வாங்கியவள் நான், தெருவில் என்னைத்தான் கேட்கிறார்கள்.

அலுவலகப் பரணில் நான்கு அட்டைப்பெட்டிகளில் கேள்வி அட்டைகள் இருக்கின்றன, 1990களிலிருந்து வந்தவை. அலுவலகத்தைக் காலி செய்யும்போது அவையும் பிளேட்டோடு சேர்ந்து எடைக்குப் போய்விடக்கூடாது. ஒரு நகரத்துப் பிள்ளைகள் முப்பது ஆண்டு என்னென்ன யோசித்தார்கள் என்பதற்கு வேறு ஆவணம் கிடையாது. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் ஒப்படைக்க முடியுமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். அதுவரை ஒரு பெட்டியையும் அசைக்கக் கூடாது என்று இன்றே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இது ஒன்றுக்கு மட்டும் நான் காத்திருக்கத் தயாரில்லை.

எதுவுமே இயலாது, அச்சு முடிந்தது முடிந்ததுதான் என்பது உங்கள் கடைசி முடிவானால், இதழின் தலைப்பை முடக்கி வைக்காமல் நடத்த முன்வரும் ஆசிரியர் குழுவுக்கு மாற்றிக் கொடுங்கள். பத்திரிகைப் பதிவாளரிடம் உரிமை மாற்றம் செய்ய வழி இருக்கிறது, கையெழுத்துப் போட உங்களுக்கு மனம் இருந்தால் போதும். ஜூன் 10க்குள் எழுத்தில் பதில் வேண்டும். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

என் மேசையில் பதில் போடாத அட்டைகள் 41 இருக்கின்றன. மேலே இருப்பது தண்டையார்பேட்டையிலிருந்து வந்தது, நான்காம் வகுப்பு: “பல்லிக்கு வால் அறுந்தா வலிக்குமா, அறுந்த வாலுக்கு வலிக்குமா?” பதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஜூன் இதழில் எத்தனையாம் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேள்விப் பக்கத்து மிஸ்,
பெரம்பூர், சென்னை.